அழுதது சரி, திருப்பிக் கொடுத்தது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் கிறிஸ்தவர்கள்மேல் இரண்டு குறைகளைச் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தையைக்கூடப் பாவி என்று சொல்லும் மதம் இது என்பது ஒன்று. வாரம் முழுக்க எதை வேண்டுமானாலும் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போட்டு அழுதால் எல்லாம் தள்ளுபடி என்று சொல்லும் மதமும் இதுதான் என்பது இன்னொன்று. கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அவருக்குப் பதிலாக வந்த கடிதங்களையும் படித்தேன். கோபம் இருந்தது, வசனங்கள் இருந்தன. அவர் கேட்டதற்குப் பதில்தான் இல்லை.

நான் போதகர் அல்ல, இறையியல் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்துப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் சபைகளும் சங்கங்களும் அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவதுண்டு, பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். தொழில் பழக்கம் விடாது என்பார்கள். வேதாகமம் படிக்கும்போதும் என் கண் எண்களில் போய்த்தான் நிற்கும். மற்றவர்கள் உருகிப் படிக்கும் இடத்தில் நான் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கண்ணோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது குறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காரணம், அதில் உண்மை இருக்கிறது.

ஒரு சபையின் மருத்துவ உதவி நிதிக் கணக்கைப் பார்க்கும்படி என்னைக் கேட்டார்கள். வங்கி இருப்பும் புத்தக இருப்பும் ஒத்துப்போகவில்லை. சில ரசீதுகளுக்கு அடிக்கட்டை இல்லை. பொறுப்பில் இருந்தவர் இரண்டொரு கேள்விகளிலேயே உடைந்துபோனார், எடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஆராதனையில் முன்னால் வந்து முழங்கால் போட்டு அழுதார். சபையும் சேர்ந்து அழுதது. போதகர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்து, கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று அறிவித்தார். அந்தக் கண்ணீர் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூப்பர்கள் கூட்டத்தில், "சரி, பணம் எப்போது திரும்பி வரும்?" என்று கேட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "கர்த்தரே மன்னித்த பிறகு நாம் கேட்கலாமா?" என்றார் ஒருவர். உங்களுக்கு இரக்கமே இல்லை என்றார் இன்னொருவர். அந்த நிதியை நம்பி அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்துவைத்திருந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டுக்கே போய், மனக்கசப்பு வைத்துக்கொள்ளாதீர்கள், மன்னித்துவிடுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டு வந்தார்கள். பணம் வரவே இல்லை. எடுத்தவர் இப்போது வேறொரு சபையில், தேவன் தன்னை எப்படி மாற்றினார் என்று சாட்சி சொல்லிவருவதாகக் கேள்வி. நன்றாகப் பேசுகிறாராம்.

ஆகவே அந்த வாசகர் சொன்னது கற்பனை அல்ல. ஆனால் அது எங்கள் வேதத்தில் எழுதியிருப்பதும் அல்ல. எழுதியிருப்பதற்கு நேர் எதிர்.

லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் எரிகோ ஊரின் சகேயு வருகிறான். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன். ரோம ஆட்சியில் அந்த வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அரசுக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டால் போதும், அதற்குமேல் கறந்தது வசூலிப்பவனுக்கு. இயேசு அவனைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: இன்று உன் வீட்டில் தங்கப்போகிறேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கண்டிப்பும் இல்லை. அவனாகவே எழுந்து நின்று சொல்கிறான்: "என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்."

இந்த நாலு மடங்கு எங்கிருந்து வந்தது? மோசேயின் சட்டத்தில் திருட்டுக்குப் பல விகிதங்கள் உண்டு. தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம். நூறு எடுத்திருந்தால் நூற்றிருபது. திருடிய ஆடோ மாடோ உயிரோடு அவன் கையில் அகப்பட்டால் இரண்டு மடங்கு. திருடி விற்றுவிட்டான் அல்லது கொன்றுவிட்டான் என்றால் ஆட்டுக்கு நாலு, மாட்டுக்கு ஐந்து. இது யாத்திராகமம் 22. சகேயுவை யாரும் பிடிக்கவில்லை. சட்டப்படி அவன் நூற்றிருபதோடு எழுந்துபோயிருக்கலாம். அவனோ ஆடு திருடிக் கொன்றவனின் வரியில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்கிறான். என் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அபராதம் குறைவாக இருக்கும் பிரிவில் தங்கள் பெயரை நுழைக்கத்தான் எல்லாரும் பாடுபடுவார்கள். இதைச் சொன்ன பிறகுதான் இயேசு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார்.

அவன் அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. அழுதும் இருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை போலும்.

இயேசுவுக்கு முன்பே மனந்திரும்பச் சொல்லிப் பிரசங்கித்த யோவான் ஸ்நானனிடம் ஜனங்கள் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோதும் இதே மாதிரிதான். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். வரி வசூலிப்பவர்கள் கட்டளையிட்டதற்குமேல் வாங்கவேண்டாம். போர்ச்சேவகர்கள் யாரையும் மிரட்டாமல், சம்பளம் போதும் என்று இருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் அவரவர் கை நீளும் இடத்தைப் பார்த்துப் பேசுகிறார். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி என்று அவர் சொன்னது இதைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு வரும், எனக்கே நேராகச் சொல்லியிருக்கிறார்கள். 51-ஆம் சங்கீதத்தில் தாவீது ராஜா, "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறானே, பாவம் என்பது தேவனுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் விஷயம், ஆடிட்டருக்கு அங்கே என்ன வேலை?

தாவீது செய்தது என்ன? தன் படைவீரன் உரியாவின் மனைவியை அழைப்பித்தான். அவள் கர்ப்பமானதும் உரியாவைப் போரின் கடுமையான முனையில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பின்வாங்க வேண்டும் என்று தளபதிக்குக் கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். இவ்வளவையும் செய்துவிட்டு, உமக்கு ஒருவருக்கே விரோதமாக என்றால்? உரியா எங்கே போனான்? பல வருடம் எனக்கு இந்த வசனம் தொண்டையில் முள்ளாக இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவது இது. ராஜாவை விசாரிக்க அந்த நாட்டில் யாரும் இல்லை. அவனுக்கு மேலே வழக்குமன்றம் கிடையாது, சாட்சி சொல்ல வேண்டியவன் செத்துப்போனான், தளபதி உடந்தை. மனிதர்களின் புத்தகத்தில் எல்லாம் சரியாக மூடப்பட்டிருக்கிறது. உரியாவுக்குச் செய்தது தனக்குச் செய்தது என்று எடுத்துக்கொள்கிற ஒருவர் மேலே இருப்பதால்தான் கணக்கு மறுபடி திறக்கிறது. பாவம் என்று கிறிஸ்தவம் சொல்வதும் சட்டம் குற்றம் என்று சொல்வதும் பிரிகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். குற்றத்துக்குச் சாட்சி வேண்டும், புகார் கொடுக்க ஆள் வேண்டும், காலக்கெடுவும் உண்டு. பாவத்துக்கு இது எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, வேதம் உரியாவைத் தள்ளுபடி செய்யவில்லை. பணக்காரன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னதும், நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும் என்று தாவீது தன் வாயாலேயே தீர்ப்புச் சொல்கிறான். அதே நாலு. மன்னிப்பு அவனுக்கு உடனே கிடைக்கிறது, ஆனால் பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்பதும் கூடவே வருகிறது. சங்கீதத்திலும் கொஞ்சம் கீழே, இரத்தப்பழிக்கு என்னை நீங்கலாக்கும் என்று கெஞ்சுகிறான். 2 சாமுவேல் 23-இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. அதற்கு அப்புறம் கூட்டுத்தொகை: ஆக முப்பத்தேழு பேர். யாரோ ஒரு எழுத்தர் அந்தப் பெயரை விட்டுவிட்டு முப்பத்தாறு என்று முடித்திருந்தால் ராஜாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்திலும், இயேசுவின் வம்ச வரலாற்றில், சாலொமோனின் தாயைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே மத்தேயு எழுதுகிறார். தாவீது மன்னிக்கப்பட்டு ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்குப் பிறகு!

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் மன்னிப்பை விலை கொடுத்து வாங்குவதுதானே என்று கேட்கலாம். இல்லை. அதற்கும் வேதமே ஒரு சங்கடமான உதாரணம் வைத்திருக்கிறது: இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் அவன் குறையாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். நான் பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். அறிக்கை உண்டு, பணம் உண்டு, ரசீதுதான் இல்லை. பிரதான ஆசாரியர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று விரட்டினார்கள். அவன் போய் நான்றுகொண்டு செத்தான். இயேசுவை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்த சீடர் பேதுருவோ ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்க என்ன இருந்தது? மனங்கசந்து அழுதார், ஆனால் மற்றவர்களை விட்டுப் போய்விடவில்லை. பிறகு கடற்கரையில், நீ என்னை நேசிக்கிறாயா என்று இயேசு மூன்று தரம் கேட்டபோது துக்கப்பட்டுக்கொண்டே மூன்று தரமும் பதில் சொன்னார். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருப்பிக் கொடுக்கக் கையும் இல்லை, நேரமும் இல்லை. நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம் என்று ஒப்புக்கொண்டான், அவ்வளவுதான், பரதீசு கிடைத்தது. ஆகவே திருப்பிக் கொடுப்பது மன்னிப்பின் விலை இல்லை. சகேயுவின் வீட்டில் விருந்தாளி முதலில் வந்தார், கணக்கு பிறகு தீர்ந்தது. ஆனால் கையும் நேரமும் பணமும் இருக்கிறவன் கள்ளனின் சலுகையைக் கேட்பதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

கத்தோலிக்கர்களிடம் இந்த விஷயத்தில் ஒரு ஒழுங்கு இருப்பதை, அந்தச் சபையைச் சேராத நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்யவேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரான் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை விதித்தது. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் மூன்றும் சேர்ந்தால்தான் அது முழுமை. திருடியதைத் திருப்பிக் கொடு, அவதூறு சொன்னாயானால் அவருடைய நற்பெயரை மீட்டுக் கொடு என்று அவர்களுடைய 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. இதில் சீர்கேடும் வந்தது. பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் பலன் சீட்டுகள் பணத்துக்குக் கைமாறின. அதை எதிர்த்துத்தான் 1517-இல் மார்ட்டின் லூதர் தன் 95 கருத்துகளை எழுதினார். அதில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பது. அவர் கேட்டது வாழ்நாள் முழுவதும். நம் ஆட்களில் பலர் அதை ஒரு பாட்டு முடிவதற்குள் முடித்துவிடுகிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியை வேண்டாம் என்றோம், சரி. "திருப்பிக் கொடுத்தாயா?" என்று கேட்கும் ஆளையும் அதோடு சேர்த்து அனுப்பிவிட்டோம்.

மனந்திரும்புதலுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அடிமை வியாபாரக் கப்பல்களில் வேலை செய்தவர். 1748-இல் நடுக்கடலில் புயலில் சிக்கி, தேவனே இரக்கமாயிரும் என்று கதறினார். அதையே தன் மனமாற்றத்தின் தொடக்கம் என்று கடைசிவரை சொல்லிவந்தார். அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? அடிமைக் கப்பல்களுக்கே கேப்டன் ஆனார். கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள், மேலே கேப்டனின் அறையில் ஜெபம். 1754-இல் அந்த வேலையை விட்டதுகூட உடல்நிலை காரணமாகத்தான். பிறகு குருவானார், பிரசங்கம் செய்தார், பாட்டு எழுதினார். அந்த வியாபாரத்தை எதிர்த்துத் தான் கண்டதையும் செய்ததையும் வெளிப்படையாக அச்சில் எழுதியது 1788-இல். புயலிலிருந்து நாற்பது வருடம். தன் அறிக்கை தாமதமாக வருகிறது என்பதை அவரே அதில் சொல்கிறார். பிரிட்டனில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-இல் நிறைவேறியது, அதே வருடம் டிசம்பரில் அவர் இறந்தார்.

அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் காலத்துச் சமூகத்தில் பெரும்பகுதி அந்த வியாபாரத்தைப் பாவம் என்றே எண்ணவில்லை. தேவதூஷணம் பாவம், குடி பாவம், இவற்றையெல்லாம் அவர் சீக்கிரமே விட்டார். ஊரே செய்கிற பாவம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் குறைக்கான என் பதிலும் இங்கேதான் இருக்கிறது. பிறந்த குழந்தை பாவியா என்ற கேள்வியில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. முதல் மனிதன் ஆதாமின் குற்றப்பொறுப்பே எல்லாருக்கும் வந்து சேர்கிறது என்பது நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இறையியலாளர் அகுஸ்தீனின் வழி. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் அப்படிச் சொல்வதில்லை. மரணமும் பாவத்துக்குச் சாயும் பலவீனமும்தான் பரம்பரையாக வருகின்றன, குற்றம் அவனவனுடையது என்பார்கள். இந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதி இல்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துப் பாவி என்று விரல் நீட்ட எனக்கு மனமும் இல்லை. ஆனால் "எல்லாரும் பாவஞ்செய்து" என்று ரோமர் நிருபம் சொல்வது எனக்கு அவமானமாகப் படவில்லை. என் தொழிலின் முதல் விதியே, எழுதியவன் தன் புத்தகத்தைத் தானே தணிக்கை செய்யக்கூடாது என்பதுதான். அவன் திருடன் என்பதற்காக அல்ல, தன் கூட்டல் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக. நியூட்டனுக்குத் தெரியவில்லை. தாவீதுக்கு நாத்தான் வரவேண்டியிருந்தது. எல்லாரும் என்ற சொல்லில் போதகரும் இருக்கிறார், மூப்பர்களும் இருக்கிறார்கள், கணக்குக் கேட்கிற நானும் இருக்கிறேன்.

அந்த நிதியை நம்பியிருந்த குடும்பத்திடம் போய் மன்னிக்கச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. லூக்கா 17:3-ஐ எடுத்துப் பாருங்கள். உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று வரிசை இருக்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்ற மத்தேயு 5-இலும் எழுந்து நடக்கவேண்டியவன் காணிக்கை கொண்டுவந்தவன், அவன்மேல் குறை உள்ள சகோதரன் அல்ல. நீங்கள் அனுப்பவேண்டிய ஆளை விட்டுவிட்டு, இழந்தவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

கடைசியாக, அந்த வாசகரின் கேள்வி. ஏமாற்றப்பட்டவர் இறந்துவிட்டால், அல்லது எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், யாரிடம் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார். கிண்டலாகத்தான் கேட்டார் என்று தெரிகிறது. ஆனால் நல்ல கேள்வி, நான் மேலே சொன்ன எண்ணாகமம் 5-இலேயே, எட்டாவது வசனத்தில், பதில் இருக்கிறது. வாங்கிக்கொள்ள அவருடைய இனத்தான் இருந்தால் அவனிடம் கொடு. அவனும் இல்லையென்றால் அது கர்த்தருக்குரியது, ஆசாரியனிடம் சேர்த்துவிடு. அப்போதும் உன்னிடம் வைத்துக்கொள்ள வழியில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர்